தோற்றது குதிரை, தண்டனை ஜாக்கிக்கா?

தென்னிந்திய ரேஸ் கோர்ஸ் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகக் குதிரை ஓட்டிவரும் 27 வயது ஜாக்கி ஒருவர் மூன்று பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், குதிரை, ஆட்கள் எவருடைய பெயரும் இங்கே இல்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை அவருடைய ஒப்புதலோடு மாற்றியிருக்கிறேன்.

அவருடைய தந்தை குதிரை லாயத்தில் சைஸாக (குதிரையைப் பராமரிப்பவராக) வேலை பார்த்தவர். 1400 மீட்டர் பந்தயம் ஒன்றில் எல்லோரும் பணம் கட்டியிருந்த ஃபேவரிட் குதிரையை இவர் ஓட்டினார். வளைவு முடிந்து, கடைசி நேர்பாதையான ஸ்ட்ரெயிட்டுக்குள் நுழையும்போது குதிரை உட்பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்தில் வந்த குதிரையின் மேல் மோதிவிடாமல் இருக்கக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து வெளிப்பக்கம் எடுத்தார். கடைசி 200 மீட்டரில் சாட்டையைப் பயன்படுத்தவில்லை. குதிரை, ஜெயித்த குதிரைக்கு இரண்டேகால் லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) பின்னால் நான்காவதாக வந்தது. கூட்டம் கூச்சலிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டூவர்ட்கள் (பந்தயத்தைக் கண்காணிக்கும் கிளப் அதிகாரிகள்) விசாரணைக்கு அழைத்தார்கள். பக்கவாட்டுக் கேமராவின் படத்தை மட்டும் இரண்டு முறை போட்டுக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். குதிரையை அதன் தகுதிக்கேற்ப ஓட்டவில்லை என்று ஆறு மாதங்களுக்கு உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். "சாட்டை வேண்டாம், கையாலேயே ஓட்டு" என்று பேடக்கில் (பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்தில்) சொல்லி அனுப்பிய ட்ரெயினர், ஸ்டூவர்ட்கள் முன்னால் அப்படிச் சொல்லவேயில்லை என்றுவிட்டார்.

ஒரு பக்க மேல்முறையீட்டு மனுவையும் முன்பணத்தையும் கெடுவுக்குள் கட்டிவிட்டார். விசாரணைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. கடிதத்தின் கடைசியில், பேனா நிறம் மாறிய இரண்டு வரிகளில், இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு, ரேஸுக்கு வழக்கமாக வருகிற ஒரு நண்பர் இவருடைய மனைவியின் கணக்குக்கு 15,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். அது பழைய கைமாற்றைத் திருப்பித் தந்த பணம் என்கிறார். ஸ்டூவர்ட்கள் இதைக் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. "நான் ஒரு பைசா வாங்கியதாக யாரும் நிரூபிக்கவில்லையே ஐயா, பிறகு எப்படித் தண்டிக்க முடியும்? ஹைகோர்ட்டுக்குப் போனால் உடனே ஸ்டே கிடைக்காதா? அதுவரை வேறு ஊரில் ஓட்டலாமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள தம்பிக்கு,

கெடு தவறாமல் மனுவைக் கொடுத்தீர்களே, அதுவே பாதி வேலை. என்னிடம் வருகிறவர்களில் பலர் கோபத்தில் பத்து நாளைக் கழித்துவிட்டு, பதினோராவது நாள் உத்தரவை எடுத்துக்கொண்டு வருவார்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் அல்ல.

உங்கள் மேல் உள்ள குற்றச்சாட்டு எது?

நீங்கள் பணம் வாங்கினீர்கள் என்று எவரும் குற்றம் சாட்டவில்லை. எனவே பணம் வாங்கியதற்குச் சாட்சி இல்லை என்ற வாதம் உங்களுக்கு உதவாது. குதிரைக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த இடத்தைப் பெறுவதற்கு நியாயமான, அனுமதிக்கப்பட்ட எல்லா முயற்சிகளையும் ஜாக்கி பந்தயம் முழுவதும் எடுக்க வேண்டும் என்பது உலகத்தில் ரேஸ் நடக்கும் இடங்களிலெல்லாம் ஏறக்குறைய இதே சொற்களில் இருக்கும் விதி. அதை மீறினீர்களா என்பது மட்டுமே கேள்வி. ஏன் மீறினீர்கள் என்று அவர்கள் நிரூபிக்கத் தேவையில்லை. மேலும், இது குற்றவியல் வழக்கு அன்று. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற அளவுகோல் இங்கே கிடையாது. இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று விசாரிப்பவர்களுக்கு நியாயமாகத் தோன்றினால் போதும்.

இந்த ஒரு விதியை மட்டும் ரேஸ் கிளப்புகள் இவ்வளவு கடுமையாகப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது நம் ஊரிலிருந்தே வந்தது. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்ய 1974-இல் ஒரு சட்டமும், மெட்ராஸ் ரேஸ் கிளப்பை அரசு எடுத்துக்கொள்ள 1986-இல் ஒரு சட்டமும் வந்தன. கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை அல்ல, திறமையை முதன்மையாகக் கொண்ட விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வேகமும் பயிற்சியும் ஜாக்கியின் திறமையும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன, எனவே அது சூதாட்டம் ஆகாது என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. இந்தத் தொழில் இன்று சட்டப்படி நிற்பது அந்த அடிப்படையின் மேல்தான். ஒரு குதிரை வேண்டுமென்றே தோற்கடிக்கப்பட்டது என்ற சந்தேகம் வந்தால், கிளப்புக்கு அது ஒரு பந்தயத்தின் பிரச்சினையாக மட்டும் தெரியாது.

ட்ரெயினர் சொன்னபடிதான் ஓட்டினேன் என்பது முழுப் பாதுகாப்பும் அன்று. விதிக்கு எதிரான உத்தரவை எவர் தந்தாலும் அதற்குக் கீழ்ப்படிந்த ஜாக்கியும் பொறுப்பாளிதான். ஆனால் உங்கள் நிலைமை வேறு. குதிரையை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. எப்படி ஓட்டினால் அது நன்றாக ஓடும் என்று சொன்னார். இந்த வேறுபாட்டை மனுவில் தெளிவாக எழுதாமல், "ட்ரெயினர் மாற்றிப் பேசிவிட்டார்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது அவருக்கும் உங்களுக்கும் நடக்கும் சண்டையாகப் படிக்கிறது. விரிவான காரணங்களைத் தனியாகக் கொடுக்க அனுமதி கேட்டு இதைத் திருத்துங்கள்.

படத்தோடு உட்காருங்கள்

உங்கள் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் சட்டப் புத்தகத்தில் இல்லை. கடைசி 400 மீட்டரின் படத்தில் இருக்கிறது. பக்கவாட்டுப் படத்தில் நீங்கள் கடிவாளத்தை இழுப்பது தெரியும். குதிரை உட்பக்கம் சாய்ந்தது தெரியாது. அது நேரெதிரிலிருந்து எடுத்த படத்தில்தான் தெரியும். அந்தப் படத்தைக் காட்டாமலேயே முடிவெடுத்தார்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தில் இருக்கும் மிக வலுவான செய்தி. அதை நீங்கள் எங்கோ நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கோணப் படங்களின் நகலையும் கேட்டு, நாளைக்கே கிளப் செயலாளருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது சாட்டை. சாட்டையைப் பார்த்தால் இந்தக் குதிரை காதைப் பின்னுக்கு மடக்கி ஓட்டத்தைக் குறைத்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் சொல்வதைவிடக் குதிரையின் பழைய பந்தயங்கள் சொல்வது நல்லது. அதன் முந்தைய ஓட்டங்களின் படங்களை எடுத்துப் பாருங்கள். வேறு ஜாக்கி சாட்டையால் அடித்தபோது அது வேகம் குறைந்த பந்தயம் ஒன்று இருந்தாலும், சாட்டை இல்லாமலே ஜெயித்த பந்தயம் ஒன்று இருந்தாலும், நூறு வார்த்தைகளைவிட அது பேசும். சாட்டையைத் தொடாததே முயற்சி செய்யாததற்கு அடையாளம் என்ற பழைய எண்ணம் இப்போது மாறிவருவதையும் எடுத்துச் சொல்லலாம். பிரிட்டனில் 2023 முதல், தடை தாண்டுதல் இல்லாத சமதளப் பந்தயம் ஒன்றில் ஜாக்கி ஆறு முறைக்கு மேல் சாட்டையைப் பயன்படுத்தக் கூடாது. ஒரே பந்தயத்தில் அந்த வரம்புக்கு மேல் நான்கு முறையோ அதிகமாகவோ பயன்படுத்தினால் குதிரையே தகுதி இழக்கும். அந்த விதி நம் கிளப்புகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கையாலும் காலாலும் ஓட்டுவதும் முழு முயற்சிதான் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஒன்றை மட்டும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: சாட்டைதான் இல்லை, கடைசி 200 மீட்டரில் உங்கள் கைகள் அசைந்தனவா? படத்தில் கைகள் அசையாமல் இருந்தால், நான் மேலே சொன்ன எதுவும் உதவாது. அதை நீங்கள் இப்போதே, தனியாக உட்கார்ந்து, நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும்.

பந்தயத்துக்குப் பிறகு கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்த்தாரா, மூக்கில் இரத்தம் வந்திருந்ததா, மறுநாள் காலில் நொண்டல் இருந்ததா என்பதையும், சிறுநீர்ப் பரிசோதனை எடுத்திருந்தால் அதன் முடிவையும் கேட்டு வாங்குங்கள். ஃபேவரிட் தோற்றால் அதைச் சோதிப்பது வழக்கம். அந்தத் தாள்கள் எங்காவது இருக்கும்.

நீங்கள் கையெழுத்திட்ட தாள்

கையெழுத்துப் போட்டுவிட்டதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குச் சரளமாகப் படிக்க வராத மொழியில், மொழிபெயர்த்துச் சொல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தின் மதிப்பைக் கேள்வி கேட்கலாம். ஆனால் "எனக்கு ஆங்கிலமே தெரியாது" என்று எழுதிவிடாதீர்கள். ஒன்பது வருடமாக ஆங்கிலப் படிவங்களில்தான் கையெழுத்திட்டிருக்கிறீர்கள், அதை எடுத்துக் காட்டினால் உங்கள் மற்ற வார்த்தைகளும் மதிப்பிழக்கும். எந்த வரி நீங்கள் சொன்னதல்ல, உண்மையில் தமிழில் என்ன சொன்னீர்கள் என்று வரி வரியாக எழுதுங்கள்.

விசாரணை ஒரு மணி நேரத்தில் முடிந்தது இயற்கை நீதிக்கு (தண்டிக்கும் முன் ஒருவர் தரப்பை நியாயமாகக் கேட்க வேண்டும் என்ற கொள்கைக்கு) எதிரானது என்று நீங்கள் எழுதியிருப்பதில் பாதி உண்மை இருக்கிறது. இயற்கை நீதி எல்லா இடத்திலும் ஒரே அளவில் தைத்த சட்டை அன்று. சூழ்நிலைக்கேற்ப அது மாறும் என்று நம் நீதிமன்றங்கள் சொல்லும்போது அடிக்கடி மேற்கோள் காட்டுவது 1949-இன் ரஸ்ஸல் எதிர் நார்ஃபோக் கோமகன் என்ற ஆங்கிலத் தீர்ப்பை. அந்த ரஸ்ஸல் யார் தெரியுமா? குதிரைக்கு மருந்து கொடுக்கப்பட்டதாக உரிமம் பறிக்கப்பட்ட ஒரு ரேஸ் ட்ரெயினர்! கல்லூரி மாணவர் முதல் அரசு ஊழியர் வரை எத்தனையோ பேருடைய வழக்குகளில் பேசப்படும் சட்டம் லாயத்திலிருந்து புறப்பட்டது. அவர் அந்த வழக்கில் தோற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பந்தய நாளன்றே விசாரிப்பது இந்தத் தொழிலின் வழக்கம், அது மட்டுமே குறையாகாது. முக்கியமான படத்தைக் காட்டாததும், ட்ரெயினரை நீங்கள் குறுக்கே கேள்வி கேட்க விடாததும் குறைகள்.

முதல் விசாரணையில் நேர்ந்த குறையை மேல்முறையீடு சரிசெய்துவிடுமா என்ற கேள்வியும் ரேஸிலிருந்து வந்ததுதான். சிட்னியின் ராண்ட்விக் மைதானத்தில் 1976-இல் கவுண்ட் மேயோ என்ற குதிரை எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்று அதன் உரிமையாளர்களில் ஒருவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். முழுமையான மேல்முறையீடு கிடைத்துவிட்டதால் முதல் விசாரணையின் குறை போய்விட்டது என்று, அன்று ஆஸ்திரேலிய மேல்முறையீடுகளையும் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில் 1979-இல் முடிவு சொன்னது. நம் உச்ச நீதிமன்றம் 1986-இல் பட்டயக் கணக்காளர் ஒருவரின் வழக்கில், தொழிலையே பாதிக்கும் தண்டனை என்றால் முதல் விசாரணையிலும் முழு நியாயம் இருக்க வேண்டும், மேல்முறையீடு அதற்கு ஈடாகாது என்ற நிலையை எடுத்தது. அங்கே விசாரித்தது சட்டத்தால் உருவான அமைப்பு, இங்கே தனியார் கிளப். அந்த வித்தியாசத்தை எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். ஆகவே ஆட்சேபத்தை மேல்முறையீட்டு வாரியத்தின் முன்னாலேயே எழுத்தில் பதிவுசெய்யுங்கள். அங்கே வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் பிறகு நீதிமன்றத்தில் எழுப்பினால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

வழக்கறிஞரை அழைத்துப் போக முடியுமா என்பது உங்கள் கிளப் விதியைப் பொறுத்தது. உள்விசாரணைகளில் அது பொதுவான உரிமையாக இல்லை. ஆனால் கிளப் தன் பக்கம் சட்டம் படித்த ஒருவரை நிறுத்தினால், உங்களுக்கும் அனுமதி கேளுங்கள். 1983-இல் பம்பாய் துறைமுக ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட மறுப்பைத் தவறு என்றது.

அந்த 15,000 ரூபாய்

இந்த இரண்டு வரிகளை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதியதற்கு மதிக்கிறேன். சொல்லாமல் விட்டது நல்லதுதானே என்று கேட்கிறீர்கள். இன்றைய குற்றச்சாட்டு நீங்கள் ஓட்டிய விதத்தைப் பற்றியது மட்டுமே. கேட்காத ஒன்றை நீங்களாக முன்வந்து சொன்னால், ஆறு மாத விவகாரம் அதைவிடப் பெரிய ஒன்றாக மாறும் ஆபத்து இருக்கிறது. அதேசமயம், கேட்டால் மறுக்கவே கூடாது. வங்கி வழியாக வந்த பணத்தின் தடம் அழியாது. வாரியத்தின் முன் சொல்லும் ஒரு பொய் அதுவே தனிக் குற்றமாகும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் எவரும் நம்ப மாட்டார்கள்.

அரசியலமைப்பின் 20(3) பிரிவு தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதிலிருந்து காக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது குற்றவழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கான பாதுகாப்பு. கிளப்பின் உள்விசாரணைக்குப் பொருந்தாது. ஒத்துழைக்க மறுப்பதே அங்கே விதிமீறலாகக் கொள்ளப்படலாம்.

கடன் கொடுத்தபோது நீங்கள் அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவு, திருப்பிக் கேட்ட செய்திகள், அந்த நண்பரின் எழுத்து வாக்குமூலம் ஆகியவற்றை இப்போதே திரட்டி ஒரு வழக்கறிஞரிடம் முழுமையாகக் காட்டுங்கள். எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவர் முடிவுசெய்யட்டும். கைப்பேசியிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். உங்களைக் காப்பாற்றக்கூடிய செய்தியும் அதில்தான் இருக்கிறது. அந்த நண்பர் அன்றைய பந்தயத்தில் வேறு குதிரை மேல் பணம் கட்டியிருந்தாரா என்று விசாரித்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

நீதிமன்றம்

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால், "நாங்கள் தனியார் கிளப், அரசின் அங்கம் அல்ல" என்ற ஆட்சேபத்தோடுதான் எதிர்த்தரப்பு ஆரம்பிக்கும். கிரிக்கெட் வாரியம் பற்றிய 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அரசாக இல்லாவிட்டாலும் பொதுக் கடமை ஆற்றும் அமைப்புக்கு எதிராக அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கு வரலாம் என்ற வழி திறந்திருக்கிறது. ஒரு மனிதரின் பிழைப்பு முழுவதையும் ஒரே அமைப்பு கையில் வைத்திருக்கும்போது நீதிமன்றம் கண்ணை மூடிக்கொள்ளாது என்று 1966-இல் ஃப்ளாரன்ஸ் நேகிள் என்ற பெண் ட்ரெயினரின் வழக்கில் ஆங்கில நீதிமன்றமும் சொன்னது. ஆனால் இந்த வாதம் முடியவே வாரங்கள் ஆகும். அதற்குள் மேல்முறையீட்டு விசாரணையே வந்துவிடும். கையில் மேல்முறையீடு இருக்கும்போது ஏன் இங்கே வந்தீர்கள் என்று நீதிபதி கேட்பதற்கு உங்களிடம் பதில் இல்லை.

சிவில் நீதிமன்றத்தில் தற்காலிகத் தடை கேட்கலாம். கிளப் தன் விதியைத் தானே மீறியதா, நியாயமாக விசாரித்ததா என்பதை மட்டும் நீதிமன்றம் பார்க்கும். குதிரையை நன்றாக ஓட்டினீர்களா என்பதற்குள் போகாது. என் யோசனை: முதலில் மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கும்படி வாரியத்திடமே மனு கொடுங்கள். அது மறுக்கப்பட்டு, விசாரணைத் தேதியும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால், அப்போது நீதிமன்றம் உங்கள் குறையைக் காது கொடுத்துக் கேட்கும்.

தண்டனையின் அளவைப் பற்றியும் தனியாக வாதிடுங்கள். பிரான்ஸில் 2022-இல் கிறிஸ்டோஃப் சுமியோன் ஓடும் பந்தயத்தில் இன்னொரு ஜாக்கியை முழங்கையால் இடித்துக் கீழே தள்ளினார். 60 நாள் தடை. பிரிட்டனில் சக ஜாக்கி பிரயோனி ஃப்ராஸ்டைத் துன்புறுத்தியதாக ராபி டன்னுக்கு விதித்த 18 மாதம் மேல்முறையீட்டில் 10 மாதமானது. இவை உங்கள் வாரியத்தைக் கட்டுப்படுத்தாது. உங்கள் கிளப்பிலேயே இதே விதியில் கடந்த சில ஆண்டுகளில் மற்றவர்களுக்கு என்ன விதித்தார்கள் என்ற பட்டியலே அங்கே எடுபடும். மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டா என்பதை விதிப்புத்தகத்தில் பார்த்துவிடுங்கள். "மாற்றியமைக்கலாம்" என்ற சொல் இருந்தால், அது கீழே மட்டுமல்ல, மேலேயும் போகும்.

இதற்கிடையில்

வேறு ஊரில் ஓட்ட முடியாது. இந்தியாவின் ரேஸ் கிளப்புகள் ஒன்று விதித்த தண்டனையை மற்றவை ஏற்று நடத்துகின்றன. வெளிநாட்டுக்கும் உங்கள் கிளப்பின் ஒப்புதல் கடிதம் வேண்டும். காலையில் குதிரைகளுக்குப் பயிற்சி ஓட்டம் கொடுக்கலாமா என்பது உத்தரவின் சொற்களைப் பொறுத்தது. உரிம நிறுத்தம் வேறு, தகுதி நீக்கம் வேறு. தகுதி நீக்கப்பட்டவர் மைதானத்துக்குள்ளும் லாயத்துக்குள்ளும் கால் வைக்க முடியாது. உங்களுக்கு விதித்தது உரிம நிறுத்தம் மட்டுமே. இருந்தாலும் பயிற்சி ஓட்டத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். வாட்ஸ்அப் குழுவில் திருடன் என்று எழுதியவர்கள் மேல் அவதூறு வழக்கு இப்போது வேண்டாம். திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பதில் எழுதாதீர்கள்.

இன்னும் ஒன்று. அந்தக் குதிரையின் சைஸ், "சாட்டை வேண்டாம்" என்று ட்ரெயினர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இருக்கும் ஒரே நேரடிச் சாட்சி அவர்தான். ஆனால் அவர் இன்றும் அதே ட்ரெயினரிடம் சம்பளம் வாங்குகிறார். உங்கள் தந்தையும் சைஸாக இருந்தவர் என்பதால் அவர் நிலைமை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவருடைய வீட்டுக்கே போய், சாட்சி சொன்னால் அவருக்கு என்ன ஆகக்கூடும் என்பதையும் மறைக்காமல் பேசுங்கள். அவர் சம்மதிக்கும்வரை அவருடைய பெயரை மனுவில் எழுதாதீர்கள்.